கை பொருந்தியவர்கள்

சிக்னல் என்ற வெள்ளைக் குதிரையின் உடம்பில் முதல் கை விழுந்தது ஆவணி மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு. ரேஷன் கடையில் பருப்பு போடுகிறார்கள் என்று எட்டிக்காட்டுப்புதூரே பையும் கையுமாக ஓடிக்கொண்டிருந்த நேரம் அது. ஆகவே அதிசயத்தைப் பார்க்க ஊரில் யாருக்கும் அப்போது ஒழியவில்லை. பார்த்தவர்கள் ஆறு பெண்பிள்ளைகள், அவர்களுக்குத் துணையாக நின்ற ஆறு பெரியவர்கள், அந்த இடத்தை நடத்துகிற நிரஞ்சனா, தள்ளி நின்று புல்லுக்கட்டை இறக்கிக்கொண்டிருந்த கருப்பாத்தாள், அவ்வளவுதான். சுகன்யா என்ற பதினான்கு வயதுப் பெண் தன் உள்ளங்கையைக் குதிரையின் விலாவில் வைத்தாள், பத்து எண்ணும்வரை வைத்திருந்தாள், எடுத்தாள். எடுத்த இடத்தில் வேறொரு கை, ஓர் ஆண்பிள்ளையின் அகலமான கை, ஐந்து விரலும் விரிந்து, செங்கல் நிறத்தில், ஈரச் சுவரில் கறை ஏறுவதுபோல மெல்ல மேலே வந்தது. குதிரை தோலைச் சிலிர்த்து ஒரு காலைத் தூக்கி வைத்தது. சுகன்யா அதைப் பார்த்துவிட்டு, பஸ் நம்பரைப் படிக்கிற குரலில், "இது எங்க சித்தப்பா கைங்க்கா" என்றாள்.

நடந்தது இதுதான். அது ஏன் நடந்தது, குதிரைக்கு யார் கொடுத்த வரம், எவர் இட்ட சாபம் என்று கேட்கிறவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். எட்டிக்காட்டுப்புதூரில் ஒருவரும் அதைக் கேட்கவில்லை. மழை ஏன் பெய்யவில்லை என்று கேட்டுக் கேட்டே களைத்துப்போன ஊர் அது. அந்தக் கைகளை வைத்துக்கொண்டு ஊர் என்ன செய்தது, அவற்றைப் பார்த்துத் துளசிமணி டீச்சர் எப்படியெல்லாம் நடுங்கினார் என்பதுதான் சொல்ல வேண்டிய சங்கதி.

முதலில் இடம். ஊருக்கு வெளியே ஒரு பழைய கோழிப்பண்ணை. கோழிகள் போய், கொட்டகை மிஞ்சி, நாற்றம் மட்டும் பத்து வருஷம் குடியிருந்த அந்த இடத்தை நிரஞ்சனா எடுத்துச் சுத்தம் செய்தாள். பெங்களூரில் மனநலம் படித்துவிட்டு வந்தவள்; பேசித் தீர்ப்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் சரிவராது, பேசாத பிராணியின் பக்கத்தில் நின்றால் சிலருக்கு உள்ளே இருக்கிற முடிச்சு தானாக அவிழும் என்பது அவள் கட்சி. பந்தயம் பந்தயமாக ஓடி, ஒன்றிலும் முதலில் வராமல், முழங்கால் வீங்கி, வேண்டாம் என்று கழித்துவிடப்பட்ட சிக்னலை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து அங்கே கட்டினாள். சனிக்கிழமைதோறும் டவுனிலிருக்கும் பெண்பிள்ளைகள் இல்லத்திலிருந்து ஒரு வேன் வரும். அதில் ஆறு பேர் வருவார்கள். வீட்டைவிட்டு ஓடியவள் உண்டு, பஸ் ஸ்டாண்டில் செல்போன் பறிக்கிற கூட்டத்தோடு பிடிபட்டவள் உண்டு, ஒன்றுமே செய்யாமல் போக இடமில்லாததால் வந்து சேர்ந்தவளும் உண்டு. ஒருத்தியும் குதிரையில் ஏறப் போவதில்லை. முதலில் தொட வேண்டும். தொட்டவள் பிரஷ் போடலாம். பிரஷ் போட்டவள் கயிற்றைப் பிடித்து வட்டத்தில் நடத்தலாம். மொத்தம் எட்டு சனிக்கிழமை. ஒவ்வொருத்திக்கும் தானாக வந்து உதவுகிற பெரியவர் ஒருவர் துணை. படிவத்தை நிரப்புவது அவர் பொறுப்பு. குதிரையைத் தொட்டாளா, தொடவில்லையா என்பது படிவத்தின் முதல் கேள்வி. அதைப் பார்த்துத்தான் குழந்தைகள் நலக் குழு முடிவு செய்யும், பிள்ளை வீட்டுக்குப் போகலாமா, இல்லை பதினெட்டு முடியும்வரை தூரத்து ஊரிலிருக்கும் பெரிய இல்லத்துக்கா என்று.

அங்கே இரண்டு விதிகள் இருந்தன. ஒன்று நிற்கிற விதி: குதிரையின் இடப்பக்கம் பிள்ளை, பிள்ளையின் இடப்பக்கம் துணை, மூவரும் ஒரே திசையைப் பார்த்து. இன்னொன்று பேசுகிற விதி: பண்ணைக் கேட்டுக்குள் பிள்ளைகள் சொல்வது கேட்டுக்கு வெளியே போகக் கூடாது. இரண்டும் நல்ல விதிகள்தான், நல்லெண்ணத்தில் போட்டவைதான்.

துளசிமணி டீச்சர் முப்பத்திரண்டு வருஷம் புதூர்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு எடுத்தவர். ஓய்வு பெற்று, கணவரும் போய், மகள் கனடாவில் குடியேறி, பகலெல்லாம் டி.வி.யில் வருகிறவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தவரை நிரஞ்சனா வீடு தேடி வந்து அழைத்தாள். "முப்பத்திரண்டு வருஷம் குழந்தைங்களோடவே இருந்திருக்கீங்க, உங்களைவிடப் பொருத்தமா யாரு மேம் கிடைப்பாங்க?" என்றாள். டீச்சருக்குப் பெருமையாக இருந்தது. குதிரையைப் பக்கத்தில் பார்த்ததும் பெருமை பாதி கரைந்தது. அதன் முகம் மட்டுமே அவர் இடுப்பளவு நீளம். அது பெருமூச்சு விட்டால் சேலைத் தலைப்பு பறந்தது. ஆனாலும் அந்தப் பயம் சின்னப் பயம், சொல்லிச் சிரிக்கக்கூடிய பயம். பெரிய பயம் முதல் சனிக்கிழமை வேன் கதவைத் திறந்தபோது நான்காவதாக இறங்கியது.

அவள் பெயர் ஷாமிலி. டீச்சர் துணை நிற்க வேண்டிய பிள்ளை அவள்தான். பதினைந்து வயது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள். டீச்சருக்கு உடனே ஞாபகம் வந்தது ஒரே ஒரு நாள்தான்.

ஆய்வுக்கு அதிகாரி வந்திருந்த நாள் அது. அவர் கேள்வி கேட்கக் கேட்க, இந்தப் பெண் எழுந்து எழுந்து, "டீச்சர், ஒண்ணுக்கு" என்று மூன்று தடவை கேட்டாள். மூன்றாவது தடவை வகுப்பே சிரித்தது, அதிகாரி முகத்தைச் சுளித்தார். அவர் ஜீப் கிளம்பிய சத்தம் அடங்கியதும் டீச்சர் ஒரே ஓர் அறை விட்டார். ஒன்றுதான். பிள்ளை நின்ற இடத்திலேயே பாவாடை நனைந்து நின்றாள். வெள்ளைக் காலரில் காதிலிருந்து இரண்டு சொட்டு ரத்தம் விழுந்தது. சளி பிடித்திருக்கும், சீழ் உடைந்திருக்கும் என்று டீச்சர் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். பொங்கல் லீவுக்குப் பிறகு அவள் பள்ளிக்கு வரவில்லை. ரிஜிஸ்டரில் பேரை அடித்துவிட்டு அடுத்த பேரைக் கூப்பிட்டார்.

இரண்டாவது சனிக்கிழமை, சுகன்யாவின் சித்தப்பா கை குதிரையில் ஏறிய அன்று மத்தியானம், நிரஞ்சனா கோப்பைப் புரட்டிக்கொண்டே சொன்னாள்: "மேம், ஷாமிலிக்கு இடது காது சுத்தமா கேக்காது. செவிப்பறை கிழிஞ்சு வைத்தியமே பாக்காம விட்டிருக்காங்க. எப்படி ஆச்சுன்னு கேட்டா வாயே திறக்க மாட்டேங்கிறா." டீச்சர் சொம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தார், பாதி கழுத்தில் இறங்கியது. விதிப்படி அவர் நிற்பது பிள்ளையின் இடப்பக்கம். பேர் என்ன கண்ணு, சாப்பிட்டாயா கண்ணு, குதிரைக்குப் பயப்படாதே கண்ணு என்று இரண்டு வாரமாக அவர் சொன்னதெல்லாம் அவரே அடைத்த காதில்தான் போய் விழுந்திருக்கிறது.

அன்றிலிருந்து அவருக்குத் தூக்கம் போனது. இந்தப் பெண் குதிரையைத் தொட்டால் அதில் ஏறப்போவது எந்தக் கை என்று அவருக்குத் தெரியும். மற்றவர்களுக்கும் தெரிந்துவிடும். சின்ன வயதில் ஆட்டுக்கல்லில் நசுங்கி, வெளிப்பக்கமாக வளைந்து ஒட்டிய சுண்டுவிரல் அவருடையது. அந்த விரல் கரும்பலகையில் ஊர்வதைப் பார்த்துத்தான் புதூரில் முக்கால்வாசிப் பேர் எழுத்துக் கற்றுக்கொண்டார்கள். கோணவிரல் டீச்சர் என்றால் சுற்றுவட்டாரத்தில் தெரியாதவர் கிடையாது.

இதற்கிடையில் ஊர் தன் வேலையைத் தொடங்கியிருந்தது. கருப்பாத்தாள் மறுநாளே குங்குமச் சிமிழோடு வந்தாள். "அம்மன் கை வெச்சிருக்கா சாமி, இந்த வாயில்லா சீவன் மேல" என்று அந்தச் செங்கல் நிறக் கையைச் சுற்றிப் பொட்டு வைத்து, ஒவ்வொரு விரல் நுனியிலும் மஞ்சள் தடவி, கன்னத்தில் போட்டுக்கொண்டாள். உண்மை தெரிந்த ஆறு துணைகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பேசுகிற விதி இருக்கிறதே! பிள்ளை சொன்னதை வெளியே சொல்லக் கூடாதே! அவர்கள் பேசாமல் இருந்தார்கள், கருப்பாத்தாள் பேசினாள், செவ்வாய்க்கிழமைக்குள் கேட்டுக்கு வெளியே செருப்புகள் குவிந்தன.

அடுத்த சனிக்கிழமை இன்னும் இரண்டு கைகள் ஏறின. ஒன்று வளையல் அழுந்திய தடத்தோடு ஒரு பெண்ணின் கை, இன்னொன்று மோதிரக் கல் பதிந்த கை. தொட்ட பிள்ளைகள் அன்றிரவு அலறாமல் தூங்கினார்கள் என்று இல்லத்து ஆயா சொல்லி அனுப்பினாள். ஜனங்களோ அந்தக் கைகளின்மேல் தங்கள் கைகளை வைத்துப் பார்க்கத் தொடங்கினார்கள். யார் முதலில் தொடங்கியது என்று தெரியவில்லை. பொருந்தினால் அம்மன் அருள், பொருந்தாவிட்டால் அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தானாக ஒரு வழக்கம் உண்டாகிவிட்டது. வரிசையில் நின்று, கையைக் கழுவி, ஈரம் துடைத்து, குதிரையின் விலாவில் வைப்பார்கள். விரல் குட்டையாக இருக்கும், உள்ளங்கை மெலிந்திருக்கும், உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நகர்வார்கள்.

நான்காவது வாரம் பேக்கரி நாச்சிமுத்து வந்தான். தேர்த்திருவிழாவுக்கு ஊர் முழுக்க பன் கொடுக்கிற ஆள், எல்லாரையும் முறை சொல்லிக் கூப்பிடுகிற ஆள், சுகன்யாவின் அப்பாவுக்குத் தம்பி. வரிசையில் பணிவாக நின்று, சட்டைக் கையை மடித்துவிட்டு, முதல் கையின்மேல் தன் கையை வைத்தான். மயிரிழை பிசகாமல் பொருந்தியது. குதிரை நடுங்கியது. பெண்கள் குலவையிட்டார்கள், தாரை ஊதினார்கள், தப்பட்டை அடித்தார்கள், கருப்பாத்தாள் அவன் கழுத்தில் குதிரைக்குப் போட்ட மாலையையே எடுத்துப் போட்டாள். அவனும் கண்கலங்கினான். அது நடிப்பு என்று சொல்ல முடியாது. அடித்ததெல்லாம் அவனுக்கு ஞாபகம் இருந்ததாகவே தெரியவில்லை. கொட்டகைக்குப் பின்னால் நின்ற வேனில் சுகன்யா சீட்டுக்கு அடியில் புகுந்துகொண்டாள். அவளை வெளியே எடுக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

அதற்கப்புறம் கை பொருந்தியவர்கள் என்று ஊரில் ஒரு தனி வகை உண்டானது. நாச்சிமுத்து பேக்கரியில் கை வடிவத்தில் பிஸ்கட் சுட்டான், பிள்ளைகள் விரல் விரலாக ஒடித்துத் தின்றார்கள். ஆட்டோக்காரர்கள் கண்ணாடியில் சிவப்புக் கை ஒட்டினார்கள். பெண் பார்க்கப் போகிறவர்கள் சம்பந்தி வீட்டில் யாருக்காவது பொருந்தியிருக்கிறதா என்று ஜாதகத்துக்கு முன்னால் கேட்டார்கள். மோதிரக் கைக்குப் பக்கத்து ஊர்த் தலைமையாசிரியர் ஒருவர் பொருந்தினார், அவரைக் கோயில் கமிட்டியில் சேர்த்துக்கொண்டார்கள். வளையல் கைக்கு ஒரு தாயார் பொருந்தினாள், அவளிடம் பச்சைக் குழந்தைகளைக் கொண்டுபோய் நெற்றியைத் தொடச் சொன்னார்கள். அவள் தொட்டாள், குழந்தைகள் வீறிட்டன, பயம் தெளிகிறது என்று ஊர் சொன்னது. சனிக்கிழமை தவறாமல் இதெல்லாம் நடந்தது, வெயில் நன்றாக அடிக்கிற காலை நேரத்தில், பலூன்காரன் பக்கத்தில் நிற்க.

துளசிமணி டீச்சர் வலது கையில் கட்டுப் போட்டுக்கொண்டார். கேட்டவர்களுக்குக் குழம்புச் சட்டி சுட்டுவிட்டது என்றார். மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை சுற்றி, சுண்டுவிரலை உள்ளே மடக்கி வைத்து, அதன்மேல் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டு நடந்தார். கட்டுக்குள் விரல் வியர்த்தது. தெருவில் யாராவது, "டீச்சர்!" என்று கூப்பிட்டால் உடம்பு தூக்கிப்போட்டது. ஷாமிலி குதிரையை ஓரடி நெருங்கினாலே சட்டென்று குறுக்கே போய், "வேண்டாம்னா விட்டுரு கண்ணு, ஒண்ணும் அவசரமில்ல" என்று சத்தமாகச் சொல்வார். நிரஞ்சனா தூரத்தில் நின்று பார்த்து, "எவ்வளவு பொறுமை மேம் உங்களுக்கு" என்பாள். அதைக் கேட்கும்போது பூமி பிளந்தால் நல்லது என்று இருக்கும் டீச்சருக்கு.

ஆறாவது வாரம் ஷாமிலியின் அம்மா செல்வராணி வந்தாள். நூல் மில்லில் வேலை. தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. டீச்சரை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனாள்.

"ஏனுங் டீச்சர், எல்லாப் புள்ளைகளும் தொட்டுருச்சாமா, எம்புள்ள மட்டும் தொடுலீங்களாமா. தொடுலீன்னா மூணு வருசம் அத்தந் தொலவு கொண்டுபோயிருவாங்களாமுங்க. மில்லுல லீவு போட்டுட்டு நான் எங்கீங்க போயிப் பாக்கறது? படிச்ச காலத்துலயே உங்களுக்கு அவளத் தெரியும். எப்படியாச்சும் தொட வெச்சிருங் டீச்சர், உங்க கால்ல வேணாலும் உளுகறேன்."

உண்மையாகவே விழுந்துவிட்டாள். டீச்சர் இடது கையால் அவளைத் தூக்கினார். வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

ஏழாவது சனிக்கிழமை, கூட்டம் கலைந்து குதிரை தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது, அதுவரை ஒரு வார்த்தை பேசாத ஷாமிலி தானாகப் பேசினாள். "டீச்சர், ஒவ்வொரு கை ஏறறப்பவும் சிக்னலுக்கு வலிக்குதுங்க. சுகன்யாவ அவங்க சித்தப்பா இடுப்புல அடிச்சாரு, இப்ப சிக்னல் அந்தப் பக்கத்துக் காலை இழுத்து இழுத்து வெக்குது, பாத்தீங்களா? நான் தொட்டா அதுக்குக் காது போயிரும். பாவமுங்க, அதுக்குப் பேசவும் தெரியாது."

சொல்லிவிட்டு வேனில் ஏறிக்கொண்டாள். டீச்சர் அங்கேயே நின்றார். இந்தப் பிள்ளை ஒரு குதிரையின் காதுக்காகத் தன் வீட்டையே விட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கிறது; நான் எதைக் காப்பாற்ற நடுவில் நிற்கிறேன் என்று நினைத்தபோது அவருக்கு வெட்கத்தில் உடம்பு காந்தியது. வெட்கம் வந்ததே தவிர பயம் போகவில்லை. இரண்டும் சேர்ந்து அவருக்கு ஒரு குறுக்கு வழியைக் காட்டின. வீட்டுக்குப் போய்ப் படிவத்தை எடுத்து, தொட்டாள் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, உறையில் வைத்து ஒட்டினார். பிள்ளை வீட்டுக்குப் போகும், குதிரைக்குக் காது தப்பும், கோணவிரல் கட்டுக்குள்ளேயே இருக்கும். அன்று மத்தியானம் அவர் ஐந்து வாரத்துக்கு அப்புறம் நன்றாகச் சாப்பிட்டார்.

வியாழக்கிழமை நிரஞ்சனா போன் செய்தாள். "மேம், இந்த சனிக்கிழமை குழுத் தலைவியே நேர்ல வர்றாங்க. பேப்பர்ல குதிரையைப் பத்தி வந்திருச்சுல்ல, கண்ணால பாக்கணுமாம். ஷாமிலி தொடறதைப் பாத்துட்டுத்தான் கையெழுத்தாம். அப்புறம் இன்னொண்ணு..." குரல் தேய்ந்தது. "சுகன்யாவைத் தன்கிட்ட ஒப்படைக்கச் சொல்லி நாச்சிமுத்து மனு குடுத்திருக்காரு. கை பொருந்தினவராச்சே, ஊரே சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கு. அவரு அடிச்சதை நான் கோப்புல எழுதியிருக்கேன். யாரு படிக்கிறா?"

எட்டாவது சனிக்கிழமை திருவிழாக் கூட்டம். கொட்டகைக் கூரைமேல்கூட ஆட்கள். மாலை போட்டுக்கொண்டு கை பொருந்தியவர்கள் முன்வரிசையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். நாச்சிமுத்து எல்லாருக்கும் பிஸ்கட் கொடுத்தான், குழுத் தலைவிக்கும் தட்டில் வைத்துக் கொடுத்தான். அந்த அம்மாள் கட்டைவிரலை ஒடித்து வாயில் போட்டபடி, "எங்க அந்தப் பொண்ணு? தொடட்டும், பாக்கலாம்" என்றார்.

விதிப்படி நின்றார்கள். குதிரை, அதன் இடப்பக்கம் ஷாமிலி, அவள் இடப்பக்கம் டீச்சர். ஷாமிலி கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தாள். ஒரு நிமிஷம் போனது, இரண்டு நிமிஷம் போனது. வேலிக்கு அந்தப் பக்கம் செல்வராணி இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்திருந்தாள். குழுத் தலைவி மணியைப் பார்த்துவிட்டுப் பேனா மூடியைத் திறந்தார். டீச்சர் கணக்குப் போட்டார். சொன்னால் முப்பத்திரண்டு வருஷமும் போய்விடும். சொல்லாவிட்டால் இந்தப் பிள்ளை போய்விடும். அவர் குனிந்து, உதடு அசைவது வெளியே தெரியாமல், மூச்சுக்காற்றில் சொன்னார்: "ஷாமிலி, அன்னைக்கு உன்ன அடிச்சேன். தப்பு கண்ணு."

ஷாமிலி தலையை முழுவதுமாகத் திருப்பி அவரைப் பார்த்தாள். அப்புறம் கட்டுப் போட்ட கையைப் பார்த்தாள்.

"என்னங் டீச்சர்? அந்தப் பக்கம் நின்னு சொன்னா எனக்குக் கேக்காதுங்க. சத்தமாச் சொல்லுங்க."

டீச்சர் அவளுடைய வலப்பக்கத்தைப் பார்த்தார். அங்கே குதிரை நின்றது. போக இடமில்லை. கட்டின் முடிச்சைப் பல்லால் அவிழ்த்தார். துணி சுற்றுச் சுற்றாகக் கீழே விழுந்தது. கையை வெளியே நீட்டி, கோணவிரல் எல்லாருக்கும் தெரிய, தம்மால் முடிந்தமட்டும் கத்தினார்: "உன் காதுல அடிச்சது நான்தான்! இந்தக் கைதான்! அஞ்சாம் வகுப்புல! ஒண்ணுக்குப் போகணும்னு கேட்டதுக்கு!"

கையைத்தான் ஊர் பார்த்தது, வார்த்தையைக் கேட்கவில்லை. "டீச்சருக்கும் பொருந்தப் போகுதுடோய்!" என்று கூரைமேலிருந்து ஒருவன் கத்தினான். குலவை கிளம்பியது, தப்பட்டை அதிர்ந்தது, கருப்பாத்தாள் மாலையோடு ஓடிவந்து அவர் கழுத்தில் போட்டாள். மாலை சில்லென்று நெஞ்சில் விழுந்ததும் டீச்சருக்கு அதுவரை இல்லாத பயம் வந்தது. இப்படியே விட்டால் தம்மையும் நாற்காலியில் உட்கார வைத்துக் கும்பிட ஆரம்பித்துவிடுவார்கள். மாலையைப் பிய்த்து எறிந்தார்.

"வாயை மூடுங்க எல்லாரும்!"

முப்பத்திரண்டு வருஷக் குரல் அது. சுவிட்சைத் தட்டினதுபோல ஊர் அடங்கியது. கூரைமேல் நின்றவன், பலூன்காரன், தப்பட்டைக்காரர்கள், நரைத்த தலைகள், மீசைக்காரர்கள், அவரிடம் படித்த அத்தனை பேரும் தாங்கள் என்ன செய்கிறோம் என்று தெரியாமலே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அவர்கள் முகத்திலிருந்த பயத்தை டீச்சர் பார்த்தார். அந்தப் பயத்தை அவர் தினமும் காலை ஒன்பது மணிக்குப் பார்த்தவர். மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தார். குரல் உடைந்துபோயிற்று.

"இது சாமி கை இல்லீங்க" என்றார். "குதிரை மேல இருக்கற ஒவ்வொண்ணும் ஒரு பிள்ளையை அடிச்ச கை. பொருந்துனவங்க ஆருன்னு நீங்களே பாத்துக்கங்க. என் கையும் அதுல ஒண்ணு. நான் கூட்டாளி, அதனால சொல்றேன்."

தலைமையாசிரியர் மாலையைக் கழற்றி நாற்காலிக்கு அடியில் தள்ளினார். நாச்சிமுத்து வலது கையை வேட்டி மடிப்புக்குள் நுழைத்துக்கொண்டான். குழுத் தலைவி அவன் கையைப் பார்த்தார், வேன் ஜன்னலுக்குள் பாதி தெரிந்த சுகன்யாவின் முகத்தைப் பார்த்தார், வாயிலிருந்ததைக் கைக்குட்டையில் துப்பிவிட்டு மனுவை இரண்டாக மடித்துப் பையில் வைத்தார். அதற்கப்புறம்தான் நிரஞ்சனாவின் கோப்பைக் கேட்டு வாங்கினார்.

"எனக்குத் தெரியுங் டீச்சர்" என்றாள் ஷாமிலி. "சிக்னலுக்குத்தான் தெரியாம இருந்துச்சு."

அவள் கையை நீட்டி, குதிரையின் கன்னத்தில், காதுக்குக் கீழே வைத்தாள். பத்து எண்ணும்வரை வைத்திருந்தாள். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். எடுத்தபோது அந்த இடம் வெள்ளையாகவே இருந்தது. குதிரை சிலிர்க்கவில்லை, நீளமாக ஒரு மூச்சு விட்டது, அதன் இரண்டு காதும் நேராக நின்றன.

அன்று சாயங்காலமே செல்வராணி மகளைக் கூட்டிக்கொண்டு போனாள். டீச்சரைத் தாண்டும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மன்னித்தேன் என்று ஷாமிலி சொல்லவில்லை. கேட்கிற தைரியம் டீச்சருக்கும் இல்லை. சுகன்யாவை இல்லத்திலேயே வைத்துக்கொண்டார்கள். அடுத்த வாரம் ஊரில் வேறொரு நோய் பரவியது: கைகள் காணாமல் போயின. ஆண்கள் பாக்கெட்டுக்குள் கையை வைத்துக்கொண்டு நடந்தார்கள், பெண்கள் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டார்கள், கடைக்காரர்கள் மிச்சத்தை மேஜைமேல் தள்ளிவிட்டார்கள், கல்யாண வீட்டில் வணக்கம் சொல்ல ஆளில்லை. குதிரைமேல் பூசிய மஞ்சளும் குங்குமமும் ஒரே குளியலில் போய்விட்டன, கைகள் போகவில்லை. ஒரு புதன்கிழமை அந்த வளையல்காரத் தாயார் மட்டும் தனியாக வந்து, மகளை வரவழைத்து, எதிரில் நின்று அரைமணி நேரம் என்னவோ சொன்னாள். மறுநாள் அந்தக் கை மங்கிவிட்டிருந்தது. நாச்சிமுத்துவின் கை இன்னும் இருக்கிறது. சிக்னல் அந்தக் காலை இழுத்துத்தான் நடக்கிறது.

அதற்கடுத்த சனிக்கிழமை, புதிய ஆறு பிள்ளைகள் வருகிற நாள், டீச்சர் கட்டுப் போடாத கையோடு பஸ் ஏறினார். நிரஞ்சனா திட்டி அனுப்பினால் திரும்பிவிடலாம் என்று நினைத்துக்கொண்டே இறங்கினார். கேட்டுக்கு வெளியே ஒரு வரிசை நின்றது. மாலை இல்லை, தப்பட்டை இல்லை. ஒருவரும் குதிரையைப் பார்க்கவில்லை; எல்லாரும் பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தறி ஓட்டுகிறவர்கள், நர்ஸ் உடுப்பில் ஒருத்தி, பேரனைக் கையில் பிடித்த ஒருவர். டீச்சருக்கு ஒவ்வொரு முகமாக அடையாளம் தெரிந்தது, எந்த பெஞ்ச், எந்த வருஷம் என்றுகூடத் தெரிந்தது. கால் பின்னுக்கு இழுத்தது. பஸ் அதற்குள் போய்விட்டது.

முதலில் நின்றவனுக்கு நாற்பது வயது இருக்கும். லாரி டிரைவர். தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"டீச்சர்... ஷாமிலிக்குச் சொன்ன மாதிரி எனக்கும் நீங்க சொல்லோணும்."

கோணவிரல் கையைப் பிடிக்க வேறு கை இல்லாததால் டீச்சர் தம் இடது கையாலேயே பிடித்துக்கொண்டார். பக்கத்தில் போனார்.

"எந்தப் பக்கம் நின்னு சொன்னா உனக்குக் கேக்கும், சாமி?" என்று முதலில் கேட்டார்.